மதம் சாராத பள்ளி என்று சேர்த்தோம், எல்கேஜியில் பாவ புண்ணியம் சொல்லித் தருகிறார்கள்: பெங்களூர்ப் பெற்றோர் என்ன செய்கிறீர்கள்?

மாரத்தஹள்ளி அம்மா:

எங்கள் பெண்ணுக்கு நாலு வயது முடிந்துவிட்டது. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிபிஎஸ்இ பள்ளியில் எல்கேஜி படிக்கிறாள். பள்ளியின் பெயரை இங்கே போடப் போவதில்லை. மடமோ மிஷனோ நடத்தும் பள்ளி இல்லை, எந்த மதத்தையும் சாராதது என்று கையேட்டிலேயே அச்சடித்திருக்கிறார்கள், அதைப் பார்த்துத்தான் சேர்த்தோம். காலையில் வட்டமாக உட்கார வைத்துச் சுலோகம் சொல்ல வைப்பார்கள் என்று தெரியும், அதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டில் முருகன் படம் இருக்கிறது, நான் கிருத்திகை விரதம் இருக்கிறேன், ஊரிலிருந்து தாத்தா வந்தால் திருநீறு பூசிக்கொண்ட பிறகுதான் அவளுக்குப் பால். அதனால் சாமி என்றாலே ஆகாத வீடு என்று யாரும் நினைக்க வேண்டாம்.

போன வாரம் ஒரு ராத்திரி முட்டை தோசை ஊற்றினேன், அவளுக்கு உயிர். தட்டைத் தள்ளிவிட்டாள். முட்டைக்குள் குஞ்சு இருக்கிறதாம், சாப்பிட்டால் பாவமாம், கிருஷ்ணருக்குக் கோபம் வருமாம். அப்புறம் அப்பாவின் தட்டையே பார்த்துக்கொண்டு, "அப்பா நரகத்துக்குப் போயிடுவாரா?" என்று கேட்டாள், கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது. யார் சொன்னது என்றால் மிஸ். அடுத்து அவள் சொன்னது எனக்கு இன்னும் வலித்தது. வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பெண் டப்பாவில் சிக்கன் கொண்டு வருவாளாம், அவள் கெட்ட பெண்ணாம், இனிமேல் அவள் பக்கத்தில் உட்கார மாட்டாளாம்.

மறுநாளே போய்க் கேட்டேன். கோஆர்டினேட்டர் மரியாதையாகத்தான் பேசினார். நம்முடைய பண்பாடு, நல்லொழுக்கம், மற்றப் பெற்றோருக்கெல்லாம் பிடித்திருக்கிறது, உங்களுக்கு வேண்டாமென்றால் அந்த நேரத்துக்கு உங்கள் குழந்தையை மட்டும் வெளியே ஆயாவோடு உட்கார வைக்கிறோம் என்றார். மொத்த வகுப்பும் உள்ளே பாடிக்கொண்டிருக்கும்போது நாலு வயதுக் குழந்தையை வெளியே உட்கார வைத்தால் அது தண்டனை இல்லாமல் வேறென்ன? இப்படி யாருக்காவது நடந்திருக்கிறதா?

அல்சூர்க்காரன்:

தங்கச்சி, கோபித்துக்கொள்ளாதீர்கள், கொஞ்சம் பெரிதுபடுத்துகிறீர்களோ என்று படுகிறது. பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும் என்று கேட்காமல் நம்மில் யார் வளர்ந்தோம்? நான் படித்தது கண்டோன்மென்ட் பக்கம் ஒரு கான்வென்ட்டில். தினமும் ஜெபம் சொன்ன பிறகுதான் பாடம் ஆரம்பிக்கும், சாயங்காலம் பிரதோஷம் என்றால் சோமேஸ்வரர் கோயிலுக்கும் ஓடுவேன். ஒன்றுக்கொன்று இடித்ததே இல்லை. குழந்தைக்கு நல்லது கெட்டது என்று ஒரு பயம் வேண்டும், அதை யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஜெயநகர் டீச்சர்:

நான் பல வருஷம் மழலையர் வகுப்பு எடுத்தவள், இப்போது வேலையில் இல்லை. அல்சூர் அண்ணா சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பாட்டி கண்ணைக் குத்தும் என்று சொல்லிவிட்டு அடுத்த நிமிஷம் இழுத்து மடியில் போட்டுக்கொள்வாள், குழந்தைக்குப் பாட்டியின் மனசு தெரியும். மிஸ் சொல்வது அப்படி இல்லை. நாலு வயதில் மிஸ் சொன்னதுதான் வேதம், அம்மா அப்பா மறுத்துச் சொன்னால் அவர்களுக்குத்தான் தெரியவில்லை என்று ஆகிவிடும். ஏ, பி, சி சொல்லித் தரும் அதே வாய், சிவப்பு எது பச்சை எது என்று காட்டும் அதே விரல். சிவப்பு நிஜம், நரகம் மட்டும் நம்பிக்கை என்று அந்த வயதில் எப்படிப் பிரித்துப் பார்க்கும்?

ஜீன் பியாஜே என்ற சுவிஸ் உளவியலாளர் குழந்தைகளுக்கு ஒரு கதை சொல்லிப் பார்த்ததை எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள். 1932இல் எழுதினார். ஒரு பையன் ஆப்பிள் திருடிக்கொண்டு ஓடுகிறான், வழியில் பழைய மரப்பாலம் உடைந்து தண்ணீரில் விழுகிறான். திருடாமல் இருந்திருந்தால் பாலம் உடைந்திருக்குமா என்று கேட்டால், ஆறு வயதுக் குழந்தைகளில் பெரும்பாலோர் உடைந்திருக்காது என்கிறார்கள். தப்புக்குத் தண்டனை பாலத்துக்குள்ளேயே காத்திருக்கிறது என்று தானாகவே நம்புகிற வயது அது. பத்துப் பன்னிரண்டு வயதில் அது நிறையவே குறைந்துவிடுகிறது. குழந்தை ஏற்கெனவே பயந்துகொண்டிருக்கும் இடத்தில் போய், ஆமாம், மேலே ஒருவர் கோபமாக இருக்கிறார் என்று நாமும் சொன்னால் என்ன ஆகும்?

ஒன்று நான் கண்ணால் பார்த்தது. கடவுள் எல்லா இடத்திலும் இருந்து நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார் என்று பக்கத்து வகுப்பில் பாடம் எடுத்தார்கள், தப்பான எண்ணம் ஒன்றும் இல்லை. அந்த வகுப்பில் ஒரு பையன் அதற்கப்புறம் பாத்ரூம் போகவே மாட்டேன் என்றான். அடக்கி அடக்கி வைத்துக்கொண்டு உடையிலேயே போய்விடுவான். உடம்புக்கு ஏதோ என்று டாக்டரிடமெல்லாம் கொண்டுபோய்க் காட்டினார்கள். கடைசியில் ஆயாதான் மெல்லப் பேச்சுக் கொடுத்துக் கண்டுபிடித்தார். சாமி பார்த்துக்கொண்டிருக்கும்போது டிராயரைக் கழற்ற வெட்கமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறான். பெரியவர்களுக்கு ஆறுதலாக இருக்கும் ஒரு வார்த்தை அந்தப் பிள்ளைக்குள் போய் என்னவாக மாறியது பாருங்கள்.

கோர்ட்டுக்காரர்:

சட்டம் என்ன சொல்கிறது என்று மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இதில் முக்கால்வாசிப் பேர் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள், பள்ளிகள் உட்பட.

அரசியலமைப்பின் 28ஆவது பிரிவு. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனையே கூடாது என்கிறது முதல் உட்பிரிவு. மூன்றாவது உட்பிரிவுதான் இந்தம்மாவுக்கு வேண்டியது: அரசு அங்கீகாரம் பெற்ற அல்லது அரசு உதவி பெறும் பள்ளியில் மதபோதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ள யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, சம்மதம் இருந்தால் தவிர. சிறுவர் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளர் சம்மதம் வேண்டும். கவனியுங்கள், வேண்டாம் என்று நாம் போய்ச் சொல்ல வேண்டும் என்று அங்கே இல்லை. சரி என்று நாம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். கேட்காமலே ஆரம்பித்துவிட்டு, பிடிக்காதவர்கள் குழந்தையை வெளியே அனுப்பிக்கொள்ளலாம் என்பது அந்தப் பிரிவின் வாசகத்துக்கு நேர் எதிரானது.

இது 1948 டிசம்பர் 7ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் விவாதத்துக்கு வந்தது, அப்போது வரைவில் 22ஆவது பிரிவு. அம்பேத்கர் சொன்ன காரணங்களில் ஒன்று, இவ்வளவு மதங்களும் பிரிவுகளும் இருக்கும் நாட்டில் ஒவ்வொன்றும் தான் மட்டுமே உண்மை என்னும்போது அந்தச் சண்டையைப் பள்ளிக்குள் கொண்டுவர வேண்டாம் என்பது.

ஓட்டை எங்கே என்றால் சின்னக் குழந்தைகளிடம்தான். நம் ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கும் பிளே ஸ்கூல்களில் நிறைய எந்த அங்கீகாரமும் இல்லாமல் நடக்கின்றன, அரசு உதவியும் கிடையாது. இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம் ஆறு வயதிலிருந்துதான். மூன்று நாலு வயதுக் குழந்தைக்குத்தான் காப்பு அதிகம் வேண்டும், சட்டம் அங்கேதான் மெலிந்து கிடக்கிறது.

மாரத்தஹள்ளி அம்மா:

சார், இது பத்தாவது வரை உள்ள, அங்கீகாரம் பெற்ற பள்ளி. சேர்க்கைப் படிவத்தை எடுத்துப் பார்த்துவிட்டேன், இப்படி எதற்கும் எங்களிடம் சம்மதம் கேட்கவில்லை.

சிவாஜிநகர் வாப்பா:

சகோதரி, அந்தச் சிக்கன் டப்பாக் குழந்தையின் வீடு எங்கள் வீடு மாதிரியான வீடாக இருக்கலாம், அதனால் எழுதுகிறேன். என் பையன் யூகேஜி, வேறு பள்ளி. கிருஷ்ண ஜெயந்திக்கு எல்லாரும் கிருஷ்ணர் வேஷத்தில் வரச் சொன்னார்கள், நாங்களே மயிலிறகு வாங்கி வைத்து அனுப்பினோம், அவன் உம்மா எடுத்த படம் இன்னும் போனில் இருக்கிறது. சொந்தத்தில் சிலர் முகம் சுளித்தார்கள், அது எங்கள் வீட்டுப் பேச்சு, பள்ளியின் மேல் எனக்குக் குறை இல்லை.

அங்கே டப்பாவில் அசைவம் கூடாது. சரி, அவர்கள் பள்ளி, அவர்கள் விதி, தயிர் சாதமும் உருளைக்கிழங்கும் கட்டுகிறோம். இதை மிஸ் எப்படிச் சொல்கிறார் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. "நம்ம ஸ்கூலில் இது கொண்டு வரக் கூடாது" என்றால் அது விதி, செருப்பை வெளியே விடு என்பது போல. பிள்ளை வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாப்பிடும். "அது பாவம்" என்றால் அவன் வாப்பாவும் உம்மாவும் பாவிகள், அவன் வீட்டு அடுப்பே பாவம். அந்த வயதில் வாயைத் திறந்து பதில் சொல்லவும் தெரியாது. என் தங்கை மகள் ஒரு வருஷம் முழுக்க டப்பாவை மூடியால் மறைத்துக்கொண்டே சாப்பிட்டாள், உள்ளே இருந்தது வெறும் எலுமிச்சை சாதம்.

கர்நாடக அரசுப் பள்ளிகளிலேயே மதியச் சாப்பாட்டோடு முட்டை கொடுக்கிறார்கள், வேண்டாதவர்களுக்கு வாழைப்பழம். அதற்கும் மடங்களிலிருந்து எதிர்ப்பு வந்தது, இருந்தும் தொடர்கிறது. ஒரே பந்தியில் ஒருத்தன் முட்டை, ஒருத்தன் வாழைப்பழம். எது பாவம் என்று யாரும் சொல்லாதவரை குழந்தைகளுக்கு அதில் ஒன்றுமே இல்லை.

லிங்கராஜபுரம்:

நான் கிறிஸ்தவன். எங்கள் பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. 2022 ஏப்ரலில் பெங்களூரில் ஒரு பள்ளியின் சேர்க்கைப் படிவம் பெரிய பிரச்சினையானது நினைவிருக்கும். பிள்ளை பைபிள் கொண்டு வருவதற்கு மறுப்புச் சொல்ல மாட்டோம் என்று பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும் என்றிருந்தது. சிறுபான்மை நிறுவனம் என்பதால் 30ஆவது பிரிவில் எங்களுக்குப் பள்ளி நடத்தும் உரிமை இருக்கிறது, அது வேறு. வேறு வழியில்லாமல் நல்ல பள்ளி என்று நம்பி வந்த பெற்றோரிடம் சேர்க்கையோடு சேர்த்துக் கையெழுத்து வாங்கினால் அது சம்மதம் ஆகுமா? என்னைக் கேட்டால் ஆகாது. என் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு இருக்கிறது, ஜெபமும் வசனமும் அங்கே கற்றுக்கொள்கிறார்கள், அந்த வேலையைக் கணக்கு டீச்சர் செய்ய வேண்டாம். அல்சூர் அண்ணா கான்வென்ட்டில் ஜெபம் சொன்னேன், ஒன்றும் ஆகவில்லை என்கிறார். உங்களிடம் கேட்டிருந்தால் நீங்கள் சொல்லியிருப்பீர்களா என்பதுதான் என் கேள்வி.

அல்சூர்க்காரன்:

நல்ல கேள்விதான் தம்பி, எங்கள் அப்பா சரி என்றுதான் சொல்லியிருப்பார். நான் சொல்ல வருவதையும் கேளுங்கள். பாவம், நரகம் எல்லாம் நாலு வயதுக்கு வேண்டாம், டீச்சரம்மா சொன்ன அந்தப் பையன் கதையைப் படித்த பிறகு அதற்கு நான் வாதாடப் போவதில்லை. ஆனால் இதைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் துடைத்துவிட்டால்? இங்கே அபார்ட்மென்ட்டில் வளரும் நம் பிள்ளைகளுக்குத் தமிழே தடுமாற்றம், தாத்தா பாட்டி ஊரில், அம்மா அப்பா இரண்டு பேரும் அவுட்டர் ரிங் ரோடு டிராஃபிக்கில். சரஸ்வதி யார், பொங்கல் எதற்கு, மாதா கோயில் கொடியேற்றம் என்றால் என்ன என்று பள்ளி சொல்லாவிட்டால் எங்கே கேட்கும்? மதங்களைப் பற்றிச் சொல்லிக் கொடுப்பதை 28ஆவது பிரிவு தடுக்கவில்லை என்று 2002இல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. கோர்ட்டுக்காரர் அதை விட்டுவிட்டார்.

கோர்ட்டுக்காரர்:

விடவில்லை அண்ணா, அடுத்து அதற்குத்தான் வர இருந்தேன். நீங்கள் சொன்னது சரி. மதங்களைப் பற்றி அறிந்துகொள்வது வேறு, ஒரு மதத்தை உண்மை என்று போதிப்பது வேறு, அந்தத் தீர்ப்பின் அடிப்படையே இந்தப் பிரிவினைதான். கிருஷ்ணர் வெண்ணெய் திருடிய கதை முதல் வகை. முட்டை தின்றால் கிருஷ்ணர் கோபிப்பார் என்பது இரண்டாவது வகை. கேந்திரிய வித்யாலயாக்களில் காலையில் சொல்லும் சமஸ்கிருதப் பிரார்த்தனை எந்த வகை என்று ஒரு வழக்கு போய், 2019 ஜனவரியில் இரண்டு நீதிபதிகள் அதைப் பெரிய அமர்வுக்கு அனுப்பினார்கள். ஆக, சுலோகத்தில் இரண்டு கருத்துக்கு இடம் உண்டு. நரகத்தில் இல்லை.

பிஜோ இம்மானுவேல் வழக்கையும் பாருங்கள், 1986. கேரளத்தில் யெகோவா சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்துக் குழந்தைகள் மூன்று பேர், தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நிற்பார்கள், பாட மட்டும் மாட்டார்கள், அதற்காகப் பள்ளியை விட்டே நீக்கினார்கள். உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி அமர்வு அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. வாயைத் திறக்காமல் நிற்கிற பிள்ளைக்கும் வகுப்பில் இடம் உண்டு என்று ஆகிறது. வெளியே அனுப்புகிறோம் என்று சொல்லும் கோஆர்டினேட்டருக்கு இதைக் காட்டலாம்.

ஒயிட்ஃபீல்டு ராதை:

நாங்கள் இங்கிலாந்தில் சில காலம் இருந்துவிட்டுத் திரும்பியவர்கள். அங்கே நிலைமை நம் சட்டத்துக்கு நேர்மாறு. 1944 சட்டத்திலிருந்து பள்ளிகளில் தினசரி கூட்டு வழிபாடு கட்டாயம், 1988இல் அது பெரும்பாலும் கிறிஸ்தவத் தன்மையுடையதாக இருக்க வேண்டும் என்று வேறு சேர்த்தார்கள், சர்ச் நடத்தாத சாதாரணப் பள்ளிக்கும் சேர்த்துத்தான். பெற்றோர் எழுதிக் கொடுத்தால் பிள்ளைக்கு விலக்கு. என் பையன் நாலு வயதில் ரிசப்ஷன் வகுப்பில் சேர்ந்தபோது நாங்களும் விலக்குக் கேட்க நினைத்தோம். கேட்கவில்லை. அவன் மட்டும் நூலகத்தில் தனியாக உட்கார்ந்திருப்பான் என்பது ஒன்றே காரணம்.

அதனால்தான் வட அயர்லாந்து வழக்கை விடாமல் படித்தேன். பெல்ஃபாஸ்டில் மதம் சாராத ஒரு குடும்பம், சர்ச் நடத்தாத தொடக்கப் பள்ளி, நாலு வயதிலிருந்து ஏழு வயது வரை அங்கே படித்த பெண் குழந்தை. வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் கடவுளுக்கு நன்றி சொல்லும் ஜெபத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். பெற்றோர் சொல்லிக் கொடுத்ததில்லை. மதபாடத் திட்டத்தையே அங்குள்ள நாலு பெரிய சர்ச்சுகள் சேர்ந்து எழுதியிருக்கின்றன. 2022இல் உயர் நீதிமன்றம் பெற்றோர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2024இல் மேல்முறையீட்டில், விலக்குக் கேட்க உரிமை இருக்கிறதே, அது போதும் என்றார்கள். 2025 நவம்பரில் லண்டன் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பிள்ளையைத் தனியே பிரித்து எல்லாரும் பார்க்கும்படி நிறுத்துகிற விலக்கு அந்தக் குறையைத் தீர்க்காது என்று சொல்லிவிட்டது. மாரத்தஹள்ளி அம்மாவின் கேள்விக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை.

இந்திராநகர் நாத்திகன்:

இவ்வளவு சுற்ற வேண்டாம். பள்ளியில் எந்தச் சாமியும் வேண்டாம், பண்டிகையும் வேண்டாம், வேஷமும் வேண்டாம். ஒன்றை உள்ளே விட்டால் எல்லாம் பின்னாலேயே வரும். 1937 வார்தா கல்வித் திட்டத்தில் பக்திமானான காந்தியே மதபோதனையைச் சேர்க்கவில்லை, இன்று போதிக்கப்படும் விதத்தில் மதங்கள் ஒற்றுமையைவிடச் சண்டையைத்தான் வளர்க்கும் என்று காரணமும் சொன்னார்.

மாரத்தஹள்ளி அம்மா:

நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனாலும் அவ்வளவு தூரம் எனக்கு மனசு வரவில்லை. சிவாஜிநகர் அண்ணன் மயிலிறகு வைத்து அனுப்பியதும் எனக்கு வேண்டியிருக்கிறது, ரம்ஜானுக்கு அந்தச் சிக்கன் டப்பாப் பெண் வீட்டிலிருந்து சேமியா வருவதும் வேண்டியிருக்கிறது. பயமும் அருவருப்பும்தான் வேண்டாம். என் மாமியார்கூட இதைத்தான் சொன்னார், சாமி கும்பிட நாங்கள் சொல்லித் தருகிறோம், அடுத்தவளை வெறுக்கவா பணம் கட்டி அனுப்புகிறோம் என்று. டீச்சரக்கா, நாலு வயதுக்கு வேறு எப்படித்தான் சொல்வது? சிலர் இப்படி நம்புகிறார்கள், சிலர் அப்படி நம்புகிறார்கள் என்றால் புரியுமா?

ஜெயநகர் டீச்சர்:

அப்படிச் சொன்னால் புரியாதும்மா, நம்புவது என்பதே அந்த வயதுக்குப் பெரிய சங்கதி. வீட்டில் செய்வதைச் சொல்லச் சொன்னால் நன்றாகப் புரியும். நாங்கள் செய்தது அதுதான். கார்த்திகை வந்தால் எந்த வீட்டில் விளக்கு வைக்கிறார்களோ அந்தக் குழந்தை ஒரு அகல் கொண்டு வந்து எப்படி வைப்போம் என்று காட்டும். நோன்பு நேரத்தில் ஒரு குழந்தை எங்க வாப்பா காலையில் சூரியன் வருவதற்கு முன்னாடியே சாப்பிட்டுவிடுவார் என்று சொல்லும், மற்றதுகள் வாயைப் பிளந்து கேட்கும். ஒன்றுமே செய்யாத வீட்டுக் குழந்தை, நாங்க ஞாயிற்றுக்கிழமை கப்பன் பார்க் போவோம் என்று சொல்லும், அதற்கும் அதே கைதட்டல். மிஸ் எங்கேயும் எது சரி, எது தப்பு என்று வாயைத் திறக்க மாட்டாள். பொய் சொல்லாதே என்பதற்குச் சாமியை இழுக்க வேண்டியதில்லை, நீ சொன்னதை நம்பி அவள் அழுதாள் பார் என்று பக்கத்துக் குழந்தையின் முகத்தைக் காட்டினால் போதும், மூன்று வயதுக்கே அது தெரியும்.

வீட்டில் இப்போது நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, பள்ளிக்காகக் காத்திருக்க வேண்டாம். மிஸ் பொய் சொல்கிறாள் என்று சொல்லாதீர்கள், குழந்தை நடுவில் மாட்டிக்கொள்ளும். அப்பா நல்லவர், அப்பாமேல் யாருக்கும் கோபம் இல்லை, அப்பா எங்கேயும் போக மாட்டார் என்று அவள் கேட்கும்போதெல்லாம் சொல்லுங்கள், ஒருமுறை சொன்னால் போதாது. கடையில் வாங்கும் முட்டை பெரும்பாலும் பண்ணை முட்டை, அதில் குஞ்சு கிடையாது, அதையும் சொல்லலாம். முட்டையைக் கட்டாயப்படுத்த வேண்டாம்.

கோர்ட்டுக்காரர்:

கடிதம் எழுதும்போது மதபோதனையை நிறுத்துங்கள் என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள், நாங்கள் மதமே போதிக்கவில்லை, பண்பாடுதான் என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். என்ன நடந்தது, குழந்தை என்ன சொன்னாள் என்று தேதியோடு எழுதுங்கள். 28(3)ஐக் குறிப்பிட்டு, எங்களிடம் சம்மதம் கேட்கப்படவில்லை, தரவும் இல்லை என்று ஒரு வரி. வெளியே உட்கார வைக்கும் யோசனையை ஏற்கவில்லை என்று ஒரு வரி. பிரின்சிபாலுக்குக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பதில் வராவிட்டால்தான் பிஇஓ (வட்டாரக் கல்வி அதிகாரி) அலுவலகம், முதலிலேயே அங்கே போனால் டீச்சர் ஒருத்தியின் வேலைதான் போகும்.

மாரத்தஹள்ளி அம்மா:

கடிதம் கொடுத்துவிட்டோம். அந்தப் பெண் குழந்தையின் அம்மாவும் கையெழுத்துப் போட்டார், அவரை வீட்டில் போய்ப் பார்த்துப் பேசினேன், அவர் மகள் ஏற்கெனவே அழுதுகொண்டு வந்து சொல்லியிருக்கிறாள், யாரிடம் போய்க் கேட்பது என்று பேசாமல் இருந்திருக்கிறார். பிரின்சிபால் கூப்பிட்டுப் பேசினார். சாப்பாட்டைப் பாவம் என்று வகுப்பில் இனிமேல் சொல்ல மாட்டார்கள், டீச்சர்களிடம் சொல்லிவிட்டேன் என்றார். சுலோகம் தொடருமாம். வருகிற கல்வியாண்டிலிருந்து சம்மதப் படிவம் ஒன்று கொடுக்கப் போகிறார்களாம். யாரையும் வெளியே அனுப்புவதில்லை என்று எழுதிக் கொடுக்கச் சொன்னேன், யோசிக்கிறேன் என்றார்.

சிவாஜிநகர் வாப்பா:

அந்தப் படிவம் வந்ததும் இங்கே போடுங்கள் சகோதரி. எங்கள் பள்ளியிலும் கேட்க வேண்டும்.

கோர்ட்டுக்காரர்:

படிவத்தில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு கையெழுத்து இருந்தால் போடாதீர்கள். பண்டிகைக் கொண்டாட்டம் தனி, சுலோகம் அல்லது ஜெபம் தனி, மதபாடம் தனி என்று பிரித்துக் கேட்கச் சொல்லுங்கள். சம்மதம் தராத பிள்ளைகள் அந்த நேரத்தில் எங்கே, யாரோடு, என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்பதும் அதே படிவத்தில் இருக்க வேண்டும்.